நான்காவது தெரு குழு: பெரியவர் வீட்டுக் காலிமனை

கீதா: பெரியவர் வீட்டுக் காலிமனையை விற்கப் போகிறார்களாமே? காலையில் இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள்.

பாஸ்கர்: அடுக்குமாடி வருகிறதாம்

மல்லிகா அக்கா: யார் சொன்னது?

பாஸ்கர்: பெரியவர் மருமகனே சொன்னார் அக்கா. இன்னும் முன்பணம் வாங்கவில்லையாம்

கீதா: அப்படியானால் நகராட்சியே அதை வாங்கிப் பூங்கா ஆக்கச் சொல்லிக் கேட்போமே. பிள்ளைகள் வண்டிகளுக்கு நடுவில் பந்து விளையாடுகிறார்கள். என் மாமியாருக்கு வாசல்படியைத் தாண்டி உட்கார ஓர் இடம் இல்லை.

ரஹீம் பாய்: நல்ல யோசனை. நான் வருகிறேன்

செல்வம் சார்: அனைவருக்கும் வணக்கம். பூங்காவுக்காக நகர நிர்வாகம் நிலம் வாங்குவது புதிதல்ல. இங்கிலாந்தில் பர்கன்ஹெட் நகரம் 1840களில் 226 ஏக்கர் வாங்கியது. 125 ஏக்கரைப் பூங்காவாக்கி, சுற்றியிருந்த மீதியை வீட்டுமனைகளாக விற்றுச் செலவை ஈடுகட்டினார்கள். 1847இல் திறந்தார்கள். பொதுப் பணத்தில் மக்களுக்காக உருவான முதல் பூங்கா என்று அதைத்தான் சொல்வார்கள். அப்புறம், உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியக் கிளை 2017இல் ஓர் அளவு சொன்னது: வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடையில், அரை முதல் ஒரு ஹெக்டேர் வரை பசுமையிடம் வேண்டும். மனுவில் இதை எழுதலாம்.

பாஸ்கர்: நம் மனை எவ்வளவு சார்?

மல்லிகா அக்கா: முக்கால் ஏக்கர் இருக்கும்

செல்வம் சார்: அரை ஹெக்டேர் என்றால் ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கர். நம்முடையது குறைவுதான். ஆனாலும் பக்கத்தில் வேறு எதுவும் இல்லையே, அதையே அழுத்திச் சொல்வோம்.

விஜி: யார் வீட்டு மோட்டார் ஓடுகிறது? தொட்டி நிரம்பி வழிகிறது

ரஹீம் பாய்: மாடி வீடு

முருகன்: மனுவெல்லாம் சரி. தெருவிளக்குக்குக் கையெழுத்துக் கேட்டபோது பாதிப் பேர் கதவையே திறக்கவில்லை

மல்லிகா அக்கா: யாரைச் சொல்கிறீர்கள் முருகன்? நான் அன்றைக்கு ஊரில் இல்லை

முருகன்: உங்களைச் சொல்லவில்லை அக்கா

மல்லிகா அக்கா: பெயர் சொல்லாமல் சொன்னால் எல்லாருக்கும்தானே வலிக்கும்

விஜி: மோட்டார் இன்னும் நிற்கவில்லை!!

பாஸ்கர்: பூங்கா வந்தால் அங்கே நிற்கும் கார்கள் எங்கே போகும்?

கீதா: அது கார் நிறுத்தும் இடமே இல்லை பாஸ்கர். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தார், அவ்வளவுதான்.

செல்வம் சார்: கையெழுத்து மட்டும் போதாது. பெரியவர் போனபிறகு மனை யார் யார் பெயரில் இருக்கிறது? வாரிசுகள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். நகராட்சி வாங்குவதென்றால் பத்திரம் பார்க்கும், மதிப்பீடு போடும், மன்றத்தில் தீர்மானம் வேண்டும். பட்ஜெட் முடிவாகும் முன்பே கேட்டால்தான் பணம் ஒதுக்குவார்கள். இன்னொன்று, நிலம் வாங்குவது ஒருமுறைச் செலவு. தண்ணீர், காவல், கழிப்பறை எல்லாம் வருடா வருடம். பராமரிப்புக்கும் சேர்த்துக் கேட்காவிட்டால் பூட்டிய கேட்தான் மிஞ்சும்.

முருகன்: மருமகனுக்கும் பெரிய மகளுக்கும் பேச்சே இல்லையே

ரஹீம் பாய்: மகளிடம் மல்லிகா அக்கா பேசலாம். கூடப் படித்தவர்

மல்லிகா அக்கா: பேசுகிறேன். ஆனால் அவளும் பணத்தைப் பார்ப்பாள், அது தப்பில்லை. நகராட்சி முடிவெடுக்கும் வரை பில்டருக்குக் கொடுக்காமல் பொறுத்திரு என்றுதான் கேட்க முடியும்.

கீதா: அதுவே பெரிய உதவி அக்கா. மனுவை நான் எழுதுகிறேன். கவுன்சிலரை எப்போது பார்க்கலாம்?

முருகன்: ஞாயிறு காலை

பாஸ்கர்: எனக்கு மாலைதான் முடியும்

செல்வம் சார்: முதலில் நமக்குள் கூடிப் பேசுவோம். என் வீட்டு மாடியில்.

விஜி: மோட்டார் நின்றுவிட்டது. நானும் வருகிறேன், காலையா மாலையா?

முருகன்: காலை என்றேனே

பாஸ்கர்: மாலை