ஓரைலி தொடர் 2026: டேடோனாவுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியவை

அரசரடி ஆக்சில்:
அண்ணன்மாருக்கு வணக்கம். அமெரிக்காவோட நாஸ்கார் கார் ரேஸ்ல, முதல் படியான கப் தொடருக்கு அடுத்த படியில ஓடுற தொடரை இந்த 2026ல முதல் ரேஸ்ல இருந்து கடைசி வரைக்கும் விடாம பார்க்கலாம்னு இங்க நாலு பேர் இருக்கோம். எல்லாரும் ஒர்க்‌ஷாப் ஆளுங்க, ஜீப், பொலிரோன்னு வேலை பார்க்கிறவங்க. எக்ஸ்ஃபினிட்டிங்கற பேரு போய் ஓரைலி ஆட்டோ பார்ட்ஸ்னு வந்திருக்கு. பேரு மட்டுந்தான் மாறுதா, பாயிண்ட் கணக்கும் மாறுதா? கார் கப் ரேஸ்ல ஓடுற அதே காரா? ரேடியோல டிரைவர் 'டைட்', 'லூஸ்'னு சொன்னதும் பின் கண்ணாடி ஓட்டைக்குள்ள நீளமா ஸ்பானரை விட்டுத் திருகுறாங்களே, அது எதை? நம்ம நேரம் என்னன்னும் சொல்லுங்க.

வைகை வடகரை:
பாயிண்ட் கணக்குதான் இந்த வருஷத்தோட பெரிய மாற்றம் தம்பி, அதை முதல்ல பிடிச்சுக்கங்க.

2025ல கானர் ஜிலிஷ் 10 ரேஸ் ஜெயிச்சாரு. ஆனா பட்டம் ஜெஸ்ஸி லவ்வுக்கு. காரணம், கடைசி ஃபீனிக்ஸ் ரேஸ்ல மிச்சமிருந்த நாலு பேர்ல யார் முன்னாடி வர்றாங்களோ அவங்களுக்கே பட்டம்ங்கிற விதி. லவ் சீசனோட முதல் ரேஸான டேடோனாவுல ஜெயிச்சாரு, ஃபீனிக்ஸ்ல ஜெயிச்சாரு, அவ்வளவுதான். விதிப்படி அது சரி. ஆனா ஒரு வருஷ உழைப்பை ஒரு சாயங்காலத்துல அளந்த விதி அது, போனது நல்லது.

இனிமே பழைய 'சேஸ்' முறை. மொத்தம் 33 ரேஸ். முதல் 24 முடிஞ்சதும் பாயிண்ட்ல முதல் 12 பேரு சேஸுக்குள்ள போவாங்க. ஒரு ரேஸ் ஜெயிச்சா நேரா உள்ளே போற சலுகை கிடையாது. நடுவுல வெளியேத்துறதும் கிடையாது. கடைசி 9 ரேஸோட கூட்டுத்தொகைதான் பட்டம். சேஸ் தொடங்கும்போது முதல் ஆளுக்கு 2100, ரெண்டாவது ஆளுக்கு 2075, மூணாவது ஆளுக்கு 2065, அதுக்குக் கீழ அஞ்சஞ்சா குறையும். அப்ப பன்னெண்டாவது ஆள் 2020ல நிப்பாரு.

ரேஸ் ஜெயிச்சா முன்னாடி 40, இப்ப 55. ரெண்டாவது இடத்துக்கு அதே 35தான். அதாவது முதலுக்கும் ரெண்டாவதுக்கும் இருந்த 5 பாயிண்ட் வித்தியாசம் 20 ஆயிருச்சு. கடைசி ரெண்டு லேப்ல ரெண்டாவது இடமே போதும்னு இருந்தவங்க இனிமே மோதிப் பார்ப்பாங்க. ஆனா மோதி நொறுங்கி கடைசியில நின்னா கைக்கு வர்றது 1 பாயிண்ட். சேஸ்ல ஒரு டயர் வெடிச்சா, முதல் ஆளோட அந்த 25 பாயிண்ட் முன்னிலை ஒரே நாள்ல காணாம போயிரும். ரேஸை ஸ்டேஜ்னு மூணு பகுதியா பிரிச்சிருப்பாங்க, முதல் ரெண்டு ஸ்டேஜ் முடிவுல முதல் 10 பேருக்கு 10ல இருந்து 1 வரைக்கும் உண்டு. வேகமான லேப்புக்கு 1. ஸ்டேஜ் பாயிண்டைக் குறிச்சு வச்சுக்கங்க, செப்டம்பர்ல உதவும்.

கப்பலூர் கார்புரேட்டர்:
காரைப் பத்தி நான் சொல்றேன். கப் கார் வேற, இது வேற. ஒர்க்‌ஷாப் ஆளுங்களுக்கு இந்தக் காருதான் சீக்கிரம் புரியும்.

கப் கார்ல 2022ல இருந்து பின்னாடி ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஆடுற சஸ்பென்ஷன், அஞ்சு கியர் சீக்வென்ஷியல், 18 இஞ்ச் அலுமினிய வீல், நடுவுல ஒரே ஒரு நட். இங்க பொலிரோ மாதிரி 15 இஞ்ச் ஸ்டீல் வீல், 5 நட். பின்னாடி முழு ஆக்சில் ஹவுசிங். ஆனா பட்டை ஸ்பிரிங் கிடையாது, காயில் ஸ்பிரிங். ஹவுசிங்ல இருந்து சேஸிஸ் நடுப்பகுதி வரைக்கும் ரெண்டு நீளமான கை ஓடும், அதுக்கு டிரக் ஆர்ம்னு பேரு. அறுபதுகள்ல ஷெவர்லே பிக்கப் வண்டியில வந்த அமைப்பு அது. ஹவுசிங் பக்கவாட்டுல நகராம பிடிக்கிறது டிராக் பார், அதாவது பேன்ஹார்டு ராடு.

இன்ஜின் 358 கன இஞ்ச், சுமார் 5.86 லிட்டர், புஷ்ராடு வி8. மேல நாலு வாய் ஹோலி கார்புரேட்டர். கப் 2012லயே இன்ஜெக்‌ஷனுக்குப் போயிருச்சு. கார்புரேட்டருக்கு அடியில கூம்பு ஓட்டை போட்ட டேப்பர்டு ஸ்பேசர்னு ஒரு தட்டு வச்சு காத்தைக் குறைச்சுத்தான் பவரைக் கட்டுப்படுத்துறாங்க. கியர் நாலு, கையால மாத்துற ஹெச் வடிவ லீவர். டேங்க் 18 அமெரிக்க கேலன், நம்ம கணக்குல 68 லிட்டர். பெட்ரோல் இ15. நம்ம பங்க்ல இப்ப வர்ற இ20ஐ விட எத்தனால் கம்மி.

மைலேஜ் லிட்டருக்கு சுமார் 2 கிமீ. டேடோனா ஒரு சுத்து 4 கிமீ, அப்ப டேங்க் தாங்குறது முப்பத்து சொச்சம் லேப். ஸ்டேஜ் 30, 60, 120வது லேப்ல முடியும். அதனால முதல் ரெண்டு ஸ்டேஜ்ல பெட்ரோல் பிரச்சினை இல்லை. கடைசி 60 லேப்லதான் ஒரு தடவை பச்சைக் கொடியில, அதாவது ரேஸ் வேகமா ஓடும்போதே, டயர், பெட்ரோலுக்கு நிறுத்துற பிட்டுக்குள்ள வரணுமா, இல்ல விபத்துக்காக எல்லாரும் மெதுவா போற மஞ்சள் கொடிக்குக் காத்திருக்கலாமாங்கிற கணக்கு ஓடும்.

பிட்ல கவனிக்க வேண்டியது அந்த 5 நட். பசை போட்டு வீல்லயே ஒட்டி வச்சிருப்பாங்க. வீலைச் சாய்வா மாட்டினா ஒரு நட் உதிரும். நாலுலயே வண்டியை விட்டா சக்கரம் உதறும், திரும்ப உள்ளே வரணும், லேப் போச்சு.

அரசரடி ஆக்சில்:
நன்றிண்ணே. பொலிரோ கணக்குல சொன்னதும் புரிஞ்சிருச்சு. அந்த ஸ்பானர் விஷயம்?

தெப்பக்குளம் கிழக்கு:
டைட்னா ஸ்டீயரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் திரும்பாம வெளிச்சுவரைப் பார்த்துப் போறது. லூஸ்னா பின்பக்கம் வழுக்கி வெளியே வர்றது. ஸ்பானர் ரெண்டு இடத்துல போகும்.

ஒண்ணு வெட்ஜ். இடது பின் ஸ்பிரிங் மேல இருக்கிற போல்ட்டை இறுக்கினா அந்தச் சக்கரத்துலயும் குறுக்கே வலது முன் சக்கரத்துலயும் பாரம் ஏறும், வண்டி டைட் ஆகும். தளர்த்தினா லூஸ். நாலு கால் கட்டில்ல ஒரு காலுக்கு அட்டை கொடுத்தா குறுக்குக் காலும் அழுந்துதுல்ல, அதே கதை. அரைச் சுத்து, ஒரு சுத்துன்னுதான் திருகுவாங்க.

இன்னொண்ணு டிராக் பார். சேஸிஸ் பக்க முனையை உயர்த்தினா லூஸ், இறக்கினா டைட். இது போக டயர் காத்து. வலது பின் டயர்ல காத்தழுத்தத்தை அரை பவுண்டு (psi) கூட்டினாலே பின்பக்கம் லூஸ் ஆகும்.

தப்பு நடக்கிற இடம் எதுன்னா, புது டயர் போட்டு அஞ்சு லேப்லயே டிரைவர் குறை சொல்லி, அதை நம்பித் திருகுறது. சூடேறக் காத்தழுத்தம் ஏறும், இருபதாவது லேப்ல வண்டி வேற மாதிரி ஓடும். அடுத்தது, முன்னாடி கார் இருக்கும்போது மூக்குல காத்து சரியா விழாது, எந்த வண்டியும் டைட் ஆகும். அதுக்காக லூஸ் பண்ணிட்டு முதல் இடத்துக்கு வந்தா பின்பக்கம் நிக்காது. டிரைவர் 'டைட்'னு சொல்லும்போது அவர் எத்தனாவது இடத்துல ஓடுறாருன்னு சேர்த்துப் பாருங்க.

கப்பலூர் கார்புரேட்டர்:
இதோட ஸ்டாகரையும் சேர்க்கணும், இல்லாட்டி பாதிதான் புரியும். முட்டை வடிவ ஓவல் டிராக்ல வலது டயர் சுற்றளவு இடதை விடப் பெருசு, அந்த வித்தியாசந்தான் ஸ்டாகர். பின் ஆக்சில்ல ரெண்டு சக்கரமும் சேர்ந்தே சுத்தும், அதனால இந்த அளவு வித்தியாசமே வண்டியை இடது பக்கம் வளைக்கும். டம்ளரைப் படுக்கப் போட்டு உருட்டினா சின்ன அடிப்பக்கம் உள்ளே இருக்க வட்டமாத்தான் ஓடும், அதே கதை. காத்தைக் கூட்டினா டயர் சுற்றளவும் கொஞ்சம் வளரும், தெப்பக்குளம் சொன்ன அரை பவுண்டுக்கு அந்த வேலையும் உண்டு. ஜூன் 20 சான் டியாகோ கடற்படைத் தளத்துல நடக்கிற ரேஸ்ல வலது இடது ரெண்டு வளைவும் உண்டு, அங்க இந்தத் தந்திரம் உதவாது. இந்த வருஷம் புதுசா வர்ற இடம் அது, விட்டுராதீங்க.

வைகை வடகரை:
நேரம்: மார்ச் 8 வரைக்கும் அமெரிக்காவோட கிழக்கு நேரத்தோட 10½ மணி கூட்டுங்க. அப்புறம் நவம்பர் 1 வரைக்கும் 9½. அதுக்குப் பிறகு மறுபடி 10½, நவம்பர் 7 ஹோம்ஸ்டெட் கடைசி ரேஸுக்கும் இதே கணக்குதான்.

டேடோனா பிப்ரவரி 14 சனிக்கிழமை அங்க சாயங்காலம் 5 மணி, நமக்கு ஞாயிறு விடியக்காலை 3:30. ரிச்சர்ட் சில்ட்ரஸ் அணிக் கார்களைப் பாருங்க. 2022, 23, 24ல ஆஸ்டின் ஹில், 2025ல லவ்வுன்னு பிப்ரவரி டேடோனாவை நாலு வருஷமா அவங்கதான் வச்சிருக்காங்க. ஞாயிறு பகல்ல தூங்கி எந்திரிச்சுக்கங்க. அன்னைக்கு ராத்திரி சிவராத்திரி. கோயில்ல முழிச்சிருக்கிற நேரத்துல, அட்டவணைப்படி ஒரு மணிக்கு, கப் தொடரோட டேடோனா 500 ஆரம்பிக்கும்.