சுடுதண்ணி வெதுவெதுப்புன்னு மூணு ஸ்டார், பாதிக் காசும் கேக்கிறாங்க

அப்புத்தளை மாடிவீடு
எங்க வீட்டு மேல்மாடி ரெண்டு ரூமையும் ஏர்பிஎன்பியில போட்டிருக்கோம். போன வாரம் கொழும்புல இருந்து ஒரு குடும்பம், பெரியவங்க ரெண்டு பேர், பிள்ளைங்க ரெண்டு பேர். இருந்த வரைக்கும் ஒரு குறை சொல்லல. அம்மா சுட்ட ரொட்டியும் கட்டச்சம்பலும் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. லிப்டன் சீட் மலை உச்சிக்கு விடியக்காலை போக ஆட்டோ பேசிக் குடுத்தேன். மார்கழி மூடுபனியில அங்க ஒண்ணுமே தெரியல, நல்லவேளை அதுக்கு என்னைத் திட்டல.

ஊருக்குப் போய்ச் சேர்ந்து ரிவியூ போட்டிருக்காங்க: சுடுதண்ணி சுடல, கம்பளி ஈர வாடை, ரூம் ஹீட்டர் இல்ல. இப்ப பாதிக் காசு திருப்பித் தர முடியுமான்னு மெசேஜ்.

ஷவர் ஹீட்டர் புதுசுங்க, 4.5 கிலோவாட். கொழும்புல எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்கன்னு கடைக்காரர் குடுத்தார். ரூம் ஹீட்டர் இருக்குன்னு நாங்க எங்கயும் போடவே இல்ல. என்ன பதில் எழுதுறது? இனி குளிருதுன்னு சொன்னா கரியடுப்பை ரூமுக்குள்ள வச்சிடலாம்னு அப்பா சொல்றார்.

நுவரெலியா அக்கா
தம்பி, முதல்ல அந்தக் கரியடுப்பு. அப்பாகிட்ட கண்டிப்பா வேணாம்னு சொல்லுங்க. ஜன்னலைச் சாத்திட்டுக் கரியைப் புகைய விட்டா கார்பன் மொனொக்சைட் சேரும். வாடையும் இருக்காது, தூங்குறவங்க எழும்ப மாட்டாங்க.

அடுத்தது ஹீட்டர். கெஸ்ட் பொய் சொல்லல. கொழும்புல குழாய்த் தண்ணியே 27, 28 டிகிரி. நம்ம டேங்க்ல இந்த மாசம் விடியக்காலை 15 பக்கம் இறங்கிடும். 4.5 கிலோவாட் மெஷின், நிமிஷத்துக்கு 3 லீட்டர் ஓடினா, தண்ணியை 21 டிகிரி மாதிரிதான் ஏத்தும். அங்க 48 ஆகும், இங்க 36. குளிர்ல நடுங்கிட்டு நிக்கிறவனுக்கு 36 டிகிரி தண்ணி எப்படி இருக்கும்? சுடலையேன்னு பைப்பை இன்னும் திறப்பான், இன்னும் ஆறிடும்.

50 லீட்டர் கீசர் போடுங்க, அதாவது தண்ணியை டேங்க்ல சேர்த்து வச்சுச் சுடவைக்கிற ஹீட்டர். 60 டிகிரிக்கு வச்சா, பச்சைத்தண்ணி கலந்து 40 டிகிரியில 90 லீட்டர் கிடைக்கும். சாதாரண ஷவர்ல பத்துப் பதினொரு நிமிஷம், ரெண்டு பேர் தாராளமா குளிக்கலாம். திரும்பச் சூடாக ஒரு மணி நேரத்துக்கு மேல எடுக்கும். அதனால நாலு பேர் வந்தா ரெண்டு பேர் ராத்திரி, ரெண்டு பேர் காலையில. இதை நான் வந்த உடனேயே டீ குடுக்கிறப்ப சொல்லிடுவேன், கதவிலயும் ஒட்டியிருக்கு. கோவிச்சுக்கிட்டவங்க யாரும் இல்ல.

கம்பளியை வெளிச்சுவர் பக்கத்து அலுமாரியில வைக்காதீங்க, சுவர் வேர்க்கும். வெயில் வராத வாரத்துல அடுப்படிக்கு மேல கொடி கட்டுங்க. புகை வாடை வரும்னு சொல்லாதீங்க, கேஸ் அடுப்புதானே இப்ப.

ரூம் ஹீட்டர் இல்லைன்னா "இல்லை"ன்னே எழுதுங்க. போடாம விட்டா கொழும்புக்காரங்க இருக்கும்னுதான் நினைப்பாங்க. சுடுதண்ணி இருக்குன்னு போட்டது நீங்கதானே, ஒரு ராத்திரிக் காசுல கொஞ்சம் குடுத்துடுங்க.

எல்ல றோட்டுக்காரன்
அக்கா சொன்ன காசு விஷயம் மட்டும் எனக்குச் சரியாப் படல. குறையைக் கண்டு 72 மணி நேரத்துக்குள்ள சொல்லணும்ங்கிறது ஏர்பிஎன்பி விதி. கீழ்வீட்டுலதானே நீங்க இருந்தீங்க? கூப்பிட்டிருந்தா வேற கம்பளி குடுத்திருப்பீங்க. சரி, மனசு கேக்கலைன்னா கொஞ்சம் குடுங்க, ஆனா "ரிவியூவை மாத்துங்க"ன்னு மட்டும் சேர்த்து எழுதிடாதீங்க, அது விதிக்கு விரோதம், உங்க கணக்குக்குத்தான் ஆபத்து.

ரிவியூக்குக் கீழ பதில் எழுத 30 நாள் இருக்கு. அந்தக் குடும்பத்தோட சண்டை பிடிக்காதீங்க, அதை வாசிக்கப் போறது அடுத்து வர்றவங்க. "கீசர் மாத்திட்டோம், கம்பளி புதுசு, ரூம் ஹீட்டர் இல்லை, ஜெர்சி கொண்டு வாங்க." மாத்தின பிறகு போடுங்க.

நான் முதல் நாள் ராத்திரி ஏழு மணிக்கு ஒரு வாட்ஸ்அப் போடுவேன்: தண்ணி சுடுதா, கம்பளி போதுமா? நேர்ல கேட்டா எல்லாம் நல்லதுன்னுதான் சொல்வாங்க, ரொட்டி வாயில இருக்குமே.

அப்புத்தளை மாடிவீடு
நன்றி அக்கா, அண்ணா. காசு விஷயத்துல அண்ணா பக்கம்தான், பாதியெல்லாம் முடியாது. காலைச் சாப்பாட்டுக் காசை மட்டும் திருப்பி அனுப்புறேன். மேல்மாடி பாத்ரூம் சுவர் பலகை, அதுல கீசர் மாட்டலாமா?

நுவரெலியா அக்கா
மாட்டவே கூடாது. தண்ணியோட 60 கிலோ தாண்டும். பக்கத்துல செங்கல் சுவர் இருந்தா அதுல போடுங்க, இல்லைன்னா தரையில இருந்து இரும்பு ஸ்டாண்ட் அடிங்க. தனி வயர், ட்ரிப் சுவிட்ச், எலக்ட்ரீஷியன் வச்சே செய்ங்க.