ஸ்டெப்டோ அண்ட் சன்: நகராத வண்டி

லண்டனில் என்னுடன் பணிபுரிந்த முதியவர் ஒருவர் கொடுத்த குறுந்தகடுகளில்தான் பிபிசியின் ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ தொடரை முதன்முதலில் பார்த்தேன். நகைச்சுவைத் தொடர் என்று அவர் சொல்லியிருந்ததால் சிரிக்கும் எண்ணத்தோடு உட்கார்ந்தேன். முதல் கதையின் முடிவில் என்னால் சிரிக்க முடியவில்லை.

கிழவர் ஆல்பர்ட்டும் அவர் மகன் ஹரால்டும் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் குதிரைவண்டி வைத்துப் பழைய சாமான் வாங்கி விற்றுப் பிழைப்பவர்கள். வயது நாற்பதை நெருங்கியும் மணமாகாத ஹரால்ட், புத்தகம், நல்ல மது, நாகரிகமான நட்பு என்று ஏங்குகிறான். தந்தையோ குளியல் தொட்டியில் அமர்ந்து ஊறுகாய் வெங்காயம் தின்பவர். 1962 ஜனவரியில் தனி நாடகமாக ஒளிபரப்பான அந்த முதல் கதையில், இனி இங்கே இருக்க முடியாது என்று துணிந்து தன் உடைமைகளையெல்லாம் வண்டியில் ஏற்றும் மகனுக்குத் தந்தை குதிரையைத் தர மறுத்துவிடுகிறார். அவனே வண்டியை இழுத்துப் பார்க்கிறான். அது அசையவில்லை. அவன் உடைந்து அழ, கிழவர் ஆறுதல் சொல்லி உள்ளே அழைத்துப் போகிறார். அந்த ஆறுதலில் பாசம் எவ்வளவு, தந்திரம் எவ்வளவு என்பதை இன்றுவரை என்னால் பிரித்தறிய முடியவில்லை.

எழுதிய ரே கால்டனும் ஆலன் சிம்ப்சனும் அதுவரை டோனி ஹான்காக் என்ற நகைச்சுவைக் கலைஞருக்காக எழுதிப் பெயர் பெற்றவர்கள். இம்முறை அவர்கள் நாடக நடிகர்களைத் தேடியது சரியான முடிவு என்பேன். ஹரால்டாக நடித்த ஹாரி எச். கார்பெட், ஜோன் லிட்டில்வுட்டின் நாடகக் குழுவிலிருந்து வந்தவர். சிரிப்புக்காக எதையும் மிகைப்படுத்தாமல், தோற்றுப்போன மனிதனாகவே நிற்கிறார். ஆல்பர்ட்டாக நடித்த வில்ஃப்ரிட் பிராம்பெல் அவரைவிட 13 வயதே மூத்தவர் என்று பின்னர் அறிந்தபோது வியந்தேன்.

1964 அக்டோபர் 15, பொதுத்தேர்தல் நாள். அன்று மாலை இத்தொடர் மறு ஒளிபரப்பாக இருந்தது. வேலை முடிந்து வரும் தொழிலாளர்கள் வாக்குச்சாவடிக்குப் போகாமல் தொலைக்காட்சி முன் அமர்ந்துவிடுவார்கள் என்று அஞ்சிய தொழிற்கட்சித் தலைவர் ஹரால்ட் வில்சன் பிபிசியிடம் முறையிட, வாக்குப்பதிவு முடியும் ஒன்பது மணிக்கு அது தள்ளிவைக்கப்பட்டது. அவருடைய கட்சி நான்கே இடங்கள் பெரும்பான்மையில் வென்றது.

எனக்கு மிகவும் பிடித்தது 1972இல் வந்த கதை. வீட்டை நடுவில் தடுப்பு எழுப்பி இரண்டாக்குகிறான் ஹரால்ட். தொலைக்காட்சிப் பெட்டியும் ஆளுக்குப் பாதியாகிறது! நம்மூர்ப் பாகப்பிரிவினைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை இராது. பெண்களைப் பற்றிய சில கேலிகள் இன்று முகம் சுளிக்க வைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பார்க்க விரும்புவோருக்கு ஒரு குறிப்பு: 1970இல் வண்ணத்தில் எடுக்கப்பட்ட பல கதைகள் இப்போது கறுப்பு வெள்ளையாகவே கிடைக்கின்றன. மூல நாடாக்கள் அழிக்கப்பட்டுவிட்டதே காரணம். உங்கள் குறுந்தகட்டில் பழுதில்லை.