ரஃப்னஸ் ஏற்றினால் பித்தளை விளக்கு கறுத்துப்போகிறது, ஏன்?

ஜெலுத்தோங்வாசி:
வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பசார் பக்கம் இருக்கிற மாதிரி ஒரு பாத்திரக்கடையை ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்துகொண்டிருக்கிறேன். அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) வரிசையாகக் குத்துவிளக்குகள். புது விளக்குகள் நன்றாக வந்துவிட்டன. பழசுதான் படுத்துகிறது. மெட்டாலிக் (உலோகத்தன்மை) 1, ரஃப்னஸ் (சொரசொரப்பு) 0.2 வரை அழகு. 0.8க்கு ஏற்றினால் மங்கலாவதற்குப் பதில் புகை பிடித்த மாதிரி கறுத்துவிடுகிறது. லைட்டைக் கூட்டினால் பின்னால் உள்ள சுண்ணாம்புச் சுவர் வெளுத்துப்போகிறது. நேரில் மங்கிய பித்தளை இவ்வளவு இருட்டாக இல்லையே?

செந்தூல்காரன்:
எச்டிஆர்ஐ (சுற்றிலும் வெளிச்சம் தரும் 360 பாகைப் படம்) போட்டிருக்கிறீர்களா? உலோகம் எதிரே இருப்பதைத்தான் காட்டும். எதிரே ஒன்றுமில்லை என்றால் கறுப்பாகத்தான் தெரியும்.

ஜெலுத்தோங்வாசி:
போட்டிருக்கிறேன் அண்ணே, பகல் வெளிச்சத்தில் எடுத்த தெரு. ரஃப்னஸைக் குறைத்தால் அதே விளக்கு அதே இடத்தில் பளிச்சென்று இருக்கிறது.

பாகான்டாலாம்_லைட்டிங்:
தம்பி, உங்கள் வெளிச்சம் கணக்குக்குள்ளேயே தொலைகிறது. நான் கேஎல்லில் (கோலாலம்பூரில்) விளம்பரப் படங்களுக்கு லைட்டிங் செய்கிறேன், இது அடிக்கடி வரும்.

சொரசொரப்பான உலோகத்தை, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துண்டுகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடப்பதாக வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். டாரன்ஸும் ஸ்பேரோவும் 1967இல் இயற்பியலில் எழுதியது. குக்கும் டாரன்ஸும் 1980களின் தொடக்கத்தில் கிராபிக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். எந்தச் சாய்வில் எத்தனை துண்டு என்று சொல்வது ஜிஜிஎக்ஸ். வால்டர் குழு 2007இல் அந்தப் பெயரில் கொடுத்தது, இன்று பெரும்பாலான ரெண்டரர்களில் (காட்சியைப் படமாகக் கணக்கிடும் மென்பொருள்களில்) இருக்கிறது.

சிக்கல் இங்கேதான். ஒரு துண்டில் பட்ட ஒளி வெளியே போகும் வழியில் பக்கத்துத் துண்டில் இடித்தால், 'மறைந்துவிட்டது' என்று கணக்கு அதை விட்டுவிடுகிறது. நிஜத்தில் அது மறுபடி தெறித்து வெளியே வரும். வழவழப்பான பரப்பில் இப்படி இடிப்பது குறைவு, அதனால் வித்தியாசம் தெரியாது. 0.8இல் ஏராளம். அத்தனையும் நஷ்டம்.

சோதித்துப் பாருங்கள்: எல்லா லைட்டையும் அணைத்து, வேர்ல்டை (சுற்றுப்புறத்தை) சீரான வெள்ளையாக்கி, விளக்குக்கும் சுத்த வெள்ளை, மெட்டாலிக் 1 கொடுங்கள். கணக்கு சரியென்றால் விளக்கு பின்னணியோடு கலந்து காணாமல் போக வேண்டும். உங்களுடையது சாம்பலாகத் தெரியும்.

தீர்வு சின்னது. பரப்பின் குணங்களை அமைக்கும் பிரின்சிபிள்டு நோடில் 'ஜிஜிஎக்ஸ்' என்று இருந்தால் 'மல்டிஸ்கேட்டர் ஜிஜிஎக்ஸ்' ஆக்குங்கள். தெறித்துத் தெறித்து வரும் ஒளியையும் சேர்க்கும் வழியை ஹைட்ஸ் குழு 2016இல் காட்டியது. குல்லாவும் கோன்ட்டியும் 2017இல் செலவு குறைந்த ஈடுகட்டலைச் சொன்னார்கள். தயவுசெய்து நிறத்தை மட்டும் தூக்கிச் சமாளிக்காதீர்கள். பித்தளை ஒவ்வொரு தெறிப்பிலும் நீலத்தைக் கொஞ்சம் விழுங்கும், அதனால் சொரசொரப்பு கூடக்கூட மஞ்சள் அடர்த்தியாக வேண்டும். அந்த அடர்த்தி வந்தால்தான் அது பித்தளை.

அப்புறம், பழைய விளக்கைக் கிட்டே போய்ப் பாருங்கள். புளி போட்டுத் தண்டைச் சுற்றிச் சுற்றித் தேய்த்ததில் மெல்லிய கீறல்கள் வளையம் வளையமாக ஓடும். பளபளப்பு அந்தக் கீறலுக்குக் குறுக்கே, அதாவது தண்டின் நீளவாக்கில் இழுபடும். பளபளப்பை ஒரு திசையில் இழுக்கும் அனிசோட்ரோபிக் அமைப்பைக் கொஞ்சம் கொடுங்கள். ரஃப்னஸ் எண்ணால் மட்டும் இது வராது.

ஜெலுத்தோங்வாசி:
அக்கா, மாற்றியதும் பித்தளை நிறம் திரும்பிவிட்டது! தண்டிலும் அந்த நீளக் கோடு வந்துவிட்டது. கழுத்து மடிப்புகள் மட்டும் இன்னும் கறுப்பு.

பாகான்டாலாம்_லைட்டிங்:
பேஸ் கலரில் (அடிப்படை நிறத்தில்) ஏஓ மேப்பை, அதாவது மடிப்பு நிழல்களை முன்பே பதித்த படத்தை, பெருக்கியிருப்பீர்கள். எடுத்துவிடுங்கள், ப்ளெண்டரின் ரெண்டரரான சைக்கிள்ஸ் அந்த நிழலைத் தானே கணக்குப் போட்டுவிடும்.

செந்தூல்காரன்:
கடையில் மண் அகல்களும் வைப்பீர்கள் என்றால் அதற்கு இந்த உலோகக் கணக்கு உதவாது. ஓரங்கள் இருண்டு பிளாஸ்டிக் உருண்டை மாதிரி தெரியும். டிஃப்யூஸ் நோடில் ரஃப்னஸை ஏற்றுங்கள். ஓரனும் நாயரும் 1994இல் கொடுத்த கணக்கு வேலை செய்யும். முழுநிலா ஓரம் மங்காமல் தட்டையாகத் தெரிவதற்கும் அதே சொரசொரப்புதான் காரணம்.