ஞாயிறு பந்தயத் திடல்: வருகிறவர்கள் பெயர் சொல்லவும்

குழு: ஆலமரம்
வெள்ளி இரவு

கதிர்: எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு பந்தயத் திடலுக்குப் போவதாகப் போன மாதமே முடிவு செய்தோம். 8 பேருக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். இதுவரை 'வருகிறேன்' என்றவர்கள் 11 பேர். 'பார்க்கலாம்' என்றவர்கள் 3 பேர். 'வரவில்லை' என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நாளை மதியத்துக்குள் உறுதியாகச் சொல்லுங்கள்.

பாலு மாமா: நான் உண்டு.

ராஜி அத்தை: நானும்.

பாலு மாமா: நீயா?

ராஜி அத்தை: ஏன்?

பாலு மாமா: ஒன்றுமில்லை.

மீனா சித்தி: நாங்கள் மூன்று பேர். உன் சித்தப்பாவுக்கு அன்று வேலை வரலாம் என்கிறார். இரண்டரை என்று எழுதிக்கொள்.

மீனா சித்தி: மழை வந்தால் பந்தயம் இல்லையாமே? இதைப் பாருங்கள்.

மீனா சித்தி: (பல முறை முன்னனுப்பப்பட்டது) அவசரச் செய்தி! ஞாயிறு பந்தயம் ரத்து! அனைவருக்கும் பகிரவும்!

நிவேதா: மீனா அத்தை, எந்தத் திடல், எந்த ஞாயிறு என்று அதில் ஒன்றுமே இல்லையே.

மீனா சித்தி: அதனால்தான் கேட்கிறேன்.

பெரியப்பா: மழைக்காகக் கார்ப் பந்தயத்தை நிறுத்த இது கிரிக்கெட் அல்ல, மீனா. காய்ந்த தரையில் ஓடும் பந்தய டயரில் வரிப்பள்ளமே இருக்காது. வழுவழுவென்று மொட்டையாக இருக்கும். ரப்பர் எவ்வளவு தரையில் படுகிறதோ அவ்வளவு பிடிப்பு. அதே டயர் ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே மழை வந்ததும் வரிப்பள்ளம் உள்ள டயருக்கு மாறுவார்கள். ஃபார்முலா ஒன் காரின் கனமழை டயர் ஒன்று, 300 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 80 லிட்டருக்கு மேல் தண்ணீரை வாரி இறைக்கும். ஒரே ஒரு டயர். 2011இல் கனடாவில் மழையால் பாதியில் நிறுத்தினார்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி ஓட்டி, எல்லாம் சேர்த்து 4 மணி 4 நிமிடம் ஆனது. நடுவில் கடைசி இடத்துக்குப் போய்விட்ட ஜென்சன் பட்டன் கடைசிச் சுற்றில் முந்தி வென்றார். நான் ஒரு நொடிகூட எழுந்திருக்கவில்லை.

ராஜி அத்தை: அண்ணா, ஞாயிற்றுக்கிழமை மழை வருமா, வராதா?

பெரியப்பா: அது எனக்கு எப்படித் தெரியும்?

நிவேதா: 2021இல் பெல்ஜியத்தில் மழை என்று எல்லோரையும் மெதுவாக்க முன்னால் ஓடும் பாதுகாப்புக் காருக்குப் பின்னால் ஊர்வலம் போய் முடித்துவிட்டார்களே, பெரிய மாமா. அதற்குப் பாதிப் புள்ளி வேறு கொடுத்தார்கள்.

பெரியப்பா: அது பந்தயமே அல்ல.

பாலு மாமா: பரணில் இருந்த நீல ஏணி யாரிடம் இருக்கிறது?

மீனா சித்தி: எங்களிடம் இல்லை.

ராஜி அத்தை: போன முறையும் இல்லை என்றுதான் சொன்னாய். பிறகு உங்கள் மாடியில் கிடைத்தது.

கதிர்: ஏணியை நாளை பேசலாம். பெயர்கள்.

பாட்டி: (குரல் பதிவு, 1 நிமிடம் 52 நொடி)

கதிர்: யாராவது கேட்டுச் சொல்லுங்கள். நான் பஸ்ஸில் இருக்கிறேன்.

மீனா சித்தி: கேட்டேன். முதல் ஒரு நிமிடம் பாட்டி கைப்பேசியைத் தேடுகிறார். கைப்பேசி கையில்தான் இருக்கிறது. அப்புறம், தானும் வருவதாகச் சொல்கிறார்.

ராஜி அத்தை: அந்த இரைச்சலில் அம்மாவா? வேண்டாம்.

பெரியப்பா: ராஜி சொல்வதில் நியாயம் உண்டு. பந்தயக் காரின் சத்தம் 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். 85க்கு மேல் நெடுநேரம் கேட்டாலே காதுக்குக் கெடுதல். பஞ்சு வைத்தால் போதாது. குழந்தைகளுக்குக் காதை முழுவதும் மூடும் கவசம் வேண்டும். பெரியவர்களுக்கு நுரை அடைப்பான். அதை உருட்டி மெல்லியதாக்கி உள்ளே நுழைத்து, விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். எல்லோரும் சும்மா செருகிவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

பாட்டி: (குரல் பதிவு, 14 நொடி)

மீனா சித்தி: "என் காதுக் கருவியை நான் அணைத்துக்கொள்வேன். உங்கள் பெரியப்பன் பேசும்போது உங்களுக்குத்தான் அந்த வசதி இல்லை" என்கிறார்.

பாலு மாமா: அத்தைக்கு என் டிக்கெட்டைக் கொடுங்கள். இந்தச் சொல்லுக்கே கொடுக்கலாம்.

பெரியப்பா: அம்மா, பயப்பட ஒன்றும் இல்லை. அந்தக் காலம் மாதிரி இல்லை இப்போது. 1955இல் பிரான்சில் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் பறந்து கூட்டத்துக்குள் விழுந்து 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு சுவிட்சர்லாந்து தன் நாட்டில் ஓடுதளக் கார்ப் பந்தயத்தையே தடை செய்தது. அதிலிருந்துதான்

ராஜி அத்தை: இதை இப்போது சொல்ல வேண்டுமா?

பெரியப்பா: முழுதும் படி. அதிலிருந்துதான் பார்வையாளர் பாதுகாப்பு பற்றி உலகம் யோசிக்க ஆரம்பித்தது. இப்போது ஓடுதளத்துக்கு வெளியே சரளைப் படுகை, டயர் அடுக்கிய சுவர், அதற்குப் பின்னால் உயரமான கம்பி வேலி. 2020இல் பஹ்ரைனில் குரோஜான் என்பவரின் கார் தடுப்பில் மோதி இரண்டாக உடைந்து எரிந்தது. நெருப்புக்குள் கிட்டத்தட்ட அரை நிமிடம் இருந்துவிட்டு அவரே ஏறி வெளியே வந்தார். ஓட்டுநரின் தலைக்கு மேலே இருக்கும் பாதுகாப்பு வளையம் ஃபார்முலா ஒன்னில் 2018இல் கட்டாயமானது. அது இல்லையென்றால் ஆள் இல்லை.

மீனா சித்தி: வருண் அழுகிறான்.

மீனா சித்தி: அழவில்லை, நான் வருண்தான் எழுதுகிறேன். அம்மா பொய் சொல்கிறாள். பெரியப்பா, நான் அந்தக் குட்டிப் பந்தய வண்டி, கார்ட், அதை ஓட்டலாமா?

கதிர்: கார்ட் ஓட்ட 140 செ.மீ. உயரம் வேண்டும் என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறது. நீ எவ்வளவு?

மீனா சித்தி: 137. ஷூவுக்குள் அட்டை வைத்தால் 140.

நிவேதா: தலை உயரத்துக்காக அல்ல வருண், கால் பெடலுக்கு எட்ட வேண்டும் என்பதற்காக. இடது காலுக்கு பிரேக், வலது காலுக்கு வேகம். உட்கார்ந்தபடியே பிரேக்கை முழுதாக மிதிக்க முடியாவிட்டால் விடமாட்டார்கள்.

பெரியப்பா: உலகச் சாம்பியன்கள் ஷூமாக்கர், சென்னா இருவருமே 4 வயதில் கார்ட் ஓட்டியவர்கள்.

நிவேதா: அவர்களுக்கு அவர்கள் அப்பாக்களே அளவெடுத்துச் செய்துகொடுத்தார்கள், பெரிய மாமா. வாடகைக் கார்ட் அப்படி அல்ல.

மீனா சித்தி: என் அப்பா கதவுக் கைப்பிடியையே இன்னும் சரிசெய்யவில்லை.

மீனா சித்தி: கடைசியாக வந்தது வருண். பேசியை வாங்கிவிட்டேன். ஆனால் கைப்பிடி விஷயம் உண்மை.

கதிர்: அந்தத் திடலில் சின்ன கார்ட் தனியாக இருக்கிறதா என்று கேட்கிறேன். ஓட்டுபவர்கள் முடியை இறுகக் கட்ட வேண்டும், தொங்கும் துணி எதுவும் கூடாது. இருக்கைக்குப் பின்னால் அச்சு திறந்தபடி சுழலும்.

பாலு மாமா: எனக்கு முடி விஷயத்தில் கவலை இல்லை.

ராஜி அத்தை: கதிர், பந்தயக் காரில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு சுற்று வரும் வசதி இருக்கிறதே, அதற்கு ஒரு பெயர் பதிவு செய்திருக்கிறாய். அது நான்தான்.

நிவேதா: அம்மா!!!

பாலு மாமா: உன் கழுத்து?

ராஜி அத்தை: என் கழுத்து என்னோடு வரும்.

பாலு மாமா: மருத்துவர் என்ன சொன்னார்?

ராஜி அத்தை: குனிந்து பாத்திரம் கழுவாதே என்றார். அதைப் பற்றி இந்த வீட்டில் ஒருவரும் கவலைப்படவில்லை.

கதிர்: அத்தை, இதய நோய், முதுகு, கழுத்துப் பிரச்சினை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். வளைவில் தலை ஒரு பக்கமாக இழுபடும்.

பெரியப்பா: கதிர் சொல்வது சரி. ஆனால் நல்ல ஓட்டுநர் என்றால் உடம்பை உலுக்காமல் ஓட்டுவார். வளைவை எப்படி எடுக்க வேண்டும் தெரியுமா? வெளி ஓரத்திலிருந்து வர வேண்டும், உள் ஓரத்தைத் தொட வேண்டும், மறுபடி வெளி ஓரத்துக்குப் போக வேண்டும். நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட வேண்டும். உள்ளே மெதுவாக, வெளியே வேகமாக. அவ்வளவுதான் ரகசியம்.

ராஜி அத்தை: உள்ளே வேகமாகப் போன வண்டி ஒன்று வெளியே வரவே இல்லை. எனக்கு நினைவிருக்கிறது.

பாலு மாமா: ஆரம்பித்துவிட்டாள்.

நிவேதா: பள்ளமா?

ராஜி அத்தை: பள்ளம்தான். என் கல்யாணத்தன்று நான் அலங்காரம் முடிந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மாலையைத் தலையில் சுமந்துகொண்டு என் அண்ணனும் தம்பியும் நடந்து வந்தார்கள். அப்பாவின் வெள்ளை ஃபியட் பள்ளத்தில் மூக்கைக் குத்திக் கிடந்தது. கேட்டால், நாய் குறுக்கே வந்ததாம்.

பெரியப்பா: நாய் வந்தது.

ராஜி அத்தை: அந்தச் சாலையில் அன்றும் நாய் இல்லை, இன்றும் இல்லை. அப்பா கடைசிவரை உங்களிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கவில்லை. மறந்துவிட்டீர்களா?

பெரியப்பா: மறக்கவில்லை.

மீனா சித்தி: வருண் கேட்கிறான், யார் ஓட்டினார்கள் என்று.

ராஜி அத்தை: வேறு யார்? சோழவரத்தில் பந்தயம் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் நாற்காலியை ஓட்டியவர்தான்.

பெரியப்பா: சோழவரம் ஒரு காலம்! போர்க்கால விமான ஓடுதளம் அது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் அப்படித்தான், போர் முடிந்ததும் விமானத்தளத்தைப் பந்தயத் தளமாக்கினார்கள். 1950 மே 13, உலகச் சாம்பியன் போட்டியின் முதல் பந்தயம் அங்கேதான். பந்தயத்துக்கென்றே கட்டியது என்று பார்த்தால் 1907இல் புரூக்லாண்ட்ஸ்தான் முதல். நம் நரேன் கார்த்திகேயன் 2005இல் இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்தாரே

நிவேதா: ஓடியதே 6 கார்தான், பெரிய மாமா. மற்ற 14 கார்கள் டயர் தாங்காது என்று தொடக்கத்திலேயே தங்கள் குழுவின் கொட்டகைக்குத் திரும்பிவிட்டன.

பெரியப்பா: அந்த 6 பேரில் ஒருவராக அங்கே நிற்பதற்கே எவ்வளவு உழைக்க வேண்டும்! அந்த 5 புள்ளி யாருடையது? எங்கே, நீ ஒரு புள்ளி வாங்கிக் காட்டு.

நிவேதா: ஞாயிறு கார்ட்டில் பார்த்துக்கொள்வோம்.

பாலு மாமா: 2023இல் கத்தாரில் 4 டயரையும் 1.80 நொடியில் மாற்றினார்களாமே. உண்மையா?

நிவேதா: ஆமாம் அப்பா, மெக்லாரன் குழு. ஏன்?

ராஜி அத்தை: போன வருடம் ஒரு டயருக்கு இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். அதுவும் காற்றுப் போகாத டயரைக் கழற்றினார்.

பாலு மாமா: இருட்டு.

அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கதிர்: அப்பா?

நிவேதா: செல்வம் மாமா குழுவில் எழுதினாரா? என்ன எழுதினீர்கள் மாமா?

அப்பா: (கட்டைவிரல் படம்)

மீனா சித்தி: நான் பார்ப்பதற்குள் போய்விட்டது. "அக்கா, அன்று" என்று மட்டும் கண்ணில் பட்டது.

பெரியப்பா: வேறு ஏதாவது இருக்கும். விடுங்கள்.

கதிர்: சரி, அடுத்த விஷயம். இரண்டு வண்டியில் போகலாம். ஒன்றை நான் ஓட்டுகிறேன். இன்னொன்று அப்பா ஓட்டட்டுமா?

பாட்டி: (குரல் பதிவு, 9 நொடி)

கதிர்: இது எனக்கே கேட்டது. "செல்வம் ஓட்ட வேண்டாம், ஒரு முறை பார்த்தது போதும்" என்கிறார்.

நிவேதா: எந்த ஒரு முறை?

மீனா சித்தி: அந்தக் கல்யாணத்தின்போது கதிர் அப்பாவுக்கு உரிமம் எடுக்கும் வயதுகூட ஆகியிருக்காதே.

பாலு மாமா: மீனா, ஏணியைப் பார்த்தாயா?

ராஜி அத்தை: அண்ணா.

ராஜி அத்தை: அண்ணா, இருக்கிறீர்களா?

பெரியப்பா: கொடிகளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் முறை வருகிறவர்களுக்கு இது தெரிந்தால்தான் பந்தயம் புரியும். மஞ்சள் ஆடினால் முன்னால் ஆபத்து, யாரும் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தம். நீலம், பின்னால் வேகமான கார் வருகிறது, வழி விடு என்று பொருள். கறுப்பு ஒரே ஒரு காருக்குக் காட்டுவது, அந்த ஓட்டுநர் தன் குழுவின் கொட்டகைக்கு வர வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம் முடிவு. பச்சை என்றால் ஆபத்து விலகிவிட்டது, இனி ஓட்டலாம்.

ராஜி அத்தை: நாய் எந்த நிறக் கொடி?

பெரியப்பா: நாய் வந்தது, ராஜி. எத்தனை முறை கேட்டாலும் நாய் வந்தது.

அப்பா எழுதிக்கொண்டிருக்கிறார் என்று 4 நிமிடமாகக் காட்டுகிறது, கவனித்தீர்களா என்று நிவேதா எனக்குத் தனியாக அனுப்பினாள். நான் அதற்குள் பஸ்ஸிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். பக்கத்து அறையில் அப்பா விளக்கை அணைத்துவிட்டார். குழுவில் எதுவும் வரவில்லை.

சனி காலை

ராஜி அத்தை: கதிர், இரண்டாவது வண்டியைப் பெரிய அண்ணன் ஓட்டட்டும். நான் அதில் முன்னிருக்கையில் வருகிறேன்.

பாலு மாமா: முன்னிருக்கை என்னுடையது.

ராஜி அத்தை: பின்னால் உட்காருங்கள். கால் நீட்டிக்கொள்ளலாம்.

பெரியப்பா: எனக்கு முட்டி வலி. பார்க்கலாம்.

கதிர்: பெரியப்பா, 'பார்க்கலாம்' என்று சொன்னவர்கள் இப்போது 5 பேர் ஆகிவிட்டார்கள்.

மீனா சித்தி: ஏணி கிடைத்துவிட்டது. எங்கள் மாடியில்தான். மன்னிக்கவும் அண்ணி. வருண் 138 ஆம், இன்று காலை அளந்தோம். ஏணிப் படியில் நின்றபடி அளந்தான், அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அப்பா: இன்னும் நான்கு டிக்கெட் வாங்கு கதிர். அக்காவின் சுற்றுக்கான கட்டணத்தை நான் கொடுக்கிறேன்.

ராஜி அத்தை: எதற்கு?

அப்பா: (கட்டைவிரல் படம்)

கதிர்: அப்படியானால் 12. பாட்டி வருகிறாரா இல்லையா, அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

பாட்டி: (குரல் பதிவு, 3 நிமிடம் 6 நொடி)