பி.எச்.சி.ல கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்தவங்க இருக்கீங்களா?

தேனிப்பொண்ணு:
அண்ணிக்கு 36, அம்மாவுக்கு 54. தெரிஞ்ச அக்கா ஒருத்தங்களுக்கு கர்ப்பப்பை வாய் புற்றுநோய் முத்தினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, அதுல இருந்து எனக்கு பயமா இருக்கு. எங்க பி.எச்.சி.ல இலவசமா பாக்குறாங்க. ஆனா அண்ணி, எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லையே, ஆம்பள டாக்டர் இருந்தா எப்படி காட்டுறதுங்கறாங்க, அம்மா தீட்டே நின்னு போச்சு இனிமே என்னங்கறாங்க. வலிக்குமா, யார் பாப்பாங்க? சொல்லுங்க ப்ளீஸ்

நர்ஸக்கா:
நான் பி.எச்.சி. ஸ்டாஃப் நர்ஸ். பெரும்பாலும் எங்கள மாதிரி நர்ஸ்தான் பாப்போம்மா. ஸ்பெகுலம்ங்கற கருவிய உள்ள வச்சு விரிச்சு, தண்ணி கலந்த அசிட்டிக் ஆசிட்ட பஞ்சுல தொட்டு கர்ப்பப்பை வாய்ல வச்சுட்டு ஒரு நிமிஷம் பொறுத்து பாக்கணும், வெள்ளையா திட்டு தெரிஞ்சா பாசிட்டிவ். லேசா எரியும் அவ்ளோதான். பாசிட்டிவ்னா கேன்சர்னு அர்த்தம் இல்ல, ஜி.எச்.ல கால்போஸ்கோபி பண்ணி, அதாவது பெரிசா காட்டுற கருவி வச்சு பாத்து, தேவைப்பட்டா துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்க. பீரியட்ஸ் டைம்ல மட்டும் வர வேணாம்.

அம்மாவுக்கு வேற கணக்கு. தீட்டு நின்னவங்களுக்கு நாங்க பாக்க வேண்டிய இடம் உள்ள போயிடும், கண்ணுக்கு சரியா தெரியாது, அதனால பேப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ல இருந்து செல் எடுத்து பாக்குறது) இல்லன்னா எச்.பி.வி. டெஸ்ட் (இந்த கேன்சர உண்டாக்குற கிருமி இருக்கான்னு பாக்குறது) பத்தி ஜி.எச்.ல கேளுங்க. தீட்டு நின்னப்புறம் கொஞ்சம் ரத்தம் பட்டாலும் உடனே டாக்டர்ட்ட காட்டணும், தள்ளிப்போடவே கூடாது

மலைக்கோட்டை:
அண்ணிகிட்ட சொல்லுங்க, தொந்தரவு இல்லாதப்ப பாக்குறதுக்குத்தான் இந்த டெஸ்டே. எச்.பி.வி. கிருமி உள்ள தங்கி கேன்சரா மாற பல வருஷம் ஆகும், அந்த இடைவெளியில புடிச்சா சின்ன ட்ரீட்மெண்ட்லயே முடிஞ்சிடும். எங்க திண்டுக்கல் மாவட்ட கிராமங்கள்லயே ட்ரெயினிங் எடுத்த நர்சுங்க இதே டெஸ்ட பண்ணி பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, 2007ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு, கூப்பிடாத ஊர்கள விட டெஸ்டுக்கு கூப்பிட்ட ஊர்கள்ல இந்த கேன்சர் சாவு 35% கம்மி. அப்படியிருந்தும் 2019-21 குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல 30லேர்ந்து 49 வயசு பொம்பளைங்கள்ல இந்த டெஸ்ட எடுத்தவங்க 10% கூட இல்லங்க, மனசு கேக்கல

செல்வி_அம்மா:
சும்மா வெக்கப்படுறாங்கன்னு நம்ம மேலயே பழி போடுறாங்க. நான் போன இடத்துல பி.பி. பாக்குற க்யூல எல்லார் முன்னாடியும் "கர்ப்பப்பை டெஸ்டுக்கு யாரு வந்தது"ன்னு சத்தமா கேட்டாங்க, ரூம் கதவுக்கு தாழ்ப்பாளும் கிடையாது, யாரோ உள்ள வர்றதும் போறதுமா இருந்தாங்க. திரும்பி வந்துட்டேன். அப்புறம் வேற பி.எச்.சி.ல எடுத்தேன், அங்க ஸ்க்ரீன் இழுத்துவிட்டு என்ன பண்ணப்போறோம்னு சொல்லிட்டு பொறுமையா பாத்தாங்க. பாசிட்டிவ் வந்தவங்களுக்கும் ஜி.எச். போக ஒரு நாள் கூலி போகுது, பஸ் செலவு வேற, கூட வர ஆள் இல்ல, அதுலயே எத்தன பேர் விட்டுடுறாங்க தெரியுமா

தேனிப்பொண்ணு:
ரொம்ப தேங்க்ஸ்க்கா. அண்ணி நான் கூட வந்தா போலாம்னு சொல்லிட்டாங்க. எந்த நாள் போகணும்?

நர்ஸக்கா:
ஊருக்கு ஊர் மாறும்மா, உங்க வி.எச்.என். (கிராம சுகாதார நர்ஸ்) சிஸ்டர்ட்ட கேட்டுட்டு போங்க. ரிசல்ட் அன்னைக்கே சொல்லிடுவாங்க, சீட்ட பத்திரமா வச்சுக்கோங்க