புதுப்பிப்பு: மூளை ஓரத்தில் தெரிந்த அந்த மஞ்சள் வளையம்

மூன்று வாரம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்: முதுகலை ஆய்வுக்கு எடுத்த எஃப்எம்ஆர்ஐ (மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன்) படங்களில் மூளையின் விளிம்பைச் சுற்றி மட்டும் செயல்பாடு வளையமாகத் தெரிகிறதே, ஏன் என்று.

தலை அசைவுதான். பங்கேற்றவர்கள் வாய் திறந்து பதில் சொன்னபோதெல்லாம் தலை லேசாக நகர்ந்திருக்கிறது, 1 மில்லிமீட்டர்கூட இல்லை. விளிம்பில் இருக்கும் வாக்ஸெலுக்கு (முப்பரிமாணப் படத்தின் ஒரு சிறு கட்டம்) அதுவே போதும்: இப்போது மூளைத் திசு, அடுத்த படத்தில் வெளியே இருக்கும் திரவம்.

மூன்று நகர்வு, மூன்று சுழற்சி என ஆறு அசைவு அளவுகளையும் பகுப்பாய்வில் சேர்த்தேன். வளையம் பெரும்பாலும் மறைந்து, இடது முன்மடலில் எதிர்பார்த்த சிறு பகுதி மட்டும் நின்றது. கண் கலங்கிவிட்டது.

அப்புறம், அசைவு மிக அதிகமாக இருந்த இரண்டு பேரின் தரவை விட்டுவிட வேண்டியதாயிற்று. அந்த இரைச்சலுக்குள் முக்கால் மணி நேரம் படுத்திருந்தவர்கள், மனசு கேட்கவில்லை. அடுத்த சுற்றில் பதிலுக்குப் பொத்தான்தான். அசைவு வரைபடத்தை முதலில் பார்க்கச் சொன்ன அக்காவுக்கு நன்றி.